லாக் என்கிற மூன்றெழுத்து: எது மரம், எது கணக்கு?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கப்பல் வேலைக்கான ப்ரீ சீ படிப்பில் சேர்ந்திருக்கிறார். அவர் கேட்டது இது (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்): "காக்கா, இந்த லாக் என்கிற சொல் தலையைச் சுற்ற வைக்கிறது. கப்பல் வேகத்தைக் காட்டும் கருவியை லாக் என்கிறார்கள். எழுதி வைக்கிற புத்தகமும் லாக். கம்ப்யூட்டருக்குள் போவது லாக் இன். பிளஸ் டூ கணக்கிலும் லாக் வந்தது. அகராதியைப் புரட்டினால் மரக்கட்டை என்று போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே சொல்தானா? அப்புறம், ஜிபிஎஸ் இருக்கும்போது அந்தக் கருவி இன்னும் எதற்கு?"

நல்ல கேள்வி. நீங்கள் அடுக்கியதில் கணக்கு லாக் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. மற்றவை எல்லாம் அந்த மரக்கட்டையிலிருந்து வந்தவைதான், கம்ப்யூட்டர் லாக் இன் உட்பட. எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், கப்பலுக்குப் போகிறவருக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை.

மரக்கட்டை என்ற பொருளில் லாக் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய வேர் எது என்பதில் சொல்லாய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. வெட்டிச் சாய்த்த மரத்தைக் குறிக்கும் ஒரு பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லைச் சிலர் காட்டுவார்கள், ஒலி பொருந்தவில்லை என்று மற்றவர்கள் தள்ளிவிடுவார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் நம் கடற்கரை அந்தச் சொல்லோடு ஒரு இடத்தில் உரசியிருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதுகிறார். ஒரே ஒரு லாக், சில சமயம் இரண்டு, ஏறுகிறவனின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. பின்னாளில் பாய்மரப் படகுக்காரர்கள் அதையும் வெட்டி 'கேட்' என்று ஆக்கிவிட்டார்கள். இரண்டு உடல் கொண்ட படகைப் பார்த்து அவர்கள் கேட் என்றால் பூனையைச் சொல்லவில்லை, நம் கட்டுமரத்தின் தலையை மட்டும் சொல்கிறார்கள்.

சரி, கட்டை எப்படி வேகமானி ஆனது?

கரை தெரிகிற வரை வேகத்தைக் கணிப்பது பெரிய வேலை இல்லை. பாம்பன் கலங்கரை விளக்கம் பின்னால் நகர்வதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுற்றிலும் தண்ணீர் மட்டும் இருக்கும்போதுதான் சிக்கல். எதை வைத்து அளப்பது? நிலையாக ஒன்றும் இல்லை. அதனால் மாலுமிகள் தாங்களே ஒன்றைத் தண்ணீரில் போட்டார்கள். கப்பலின் முன்பக்கமான அணியத்திலிருந்து ஒரு கட்டையை வீசி, அது கப்பலின் பின்பக்கத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவது எளிய முறை. கப்பலின் நீளம் தெரியும், நேரம் தெரியும், வேகம் கிடைத்துவிடும். இந்த முறைக்கு 'டச்சுக்காரன் லாக்' என்றே பெயர் நின்றுவிட்டது.

கொஞ்சம் துல்லியம் வேண்டியபோது கட்டையில் கயிறு கட்டினார்கள். இந்த முறையை முதலில் எழுதி வைத்தவர் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர், 1574-ல். பின்னாளில் அது நன்றாகத் தேறி வந்த வடிவத்தைச் சொல்கிறேன். கட்டை என்றாலும் உருண்டைக் கட்டை இல்லை. வட்டத்தில் கால் பாகத்தை வெட்டி எடுத்தது போன்ற ஒரு பலகை. அதன் வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பார்கள், தண்ணீரில் விழுந்ததும் நெட்டாக நிற்க. மூன்று மூலையிலிருந்தும் கயிறு வந்து ஒன்றாகச் சேரும். அதில் ஒன்று மட்டும் முடிச்சில்லாமல் ஒரு மர முளையால் செருகியிருக்கும். அந்த முளை எதற்கு என்று பிறகு தெரியும்.

வேலைக்கு மூன்று பேர். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். ஒருவர் கையில் மணற்கடிகை. மூன்றாமவர் பலகையைப் பின்பக்கம் வழியாகத் தண்ணீரில் விடுவார். கப்பலின் கலங்கல் நீரைத் தாண்டும் வரை முதலில் கொஞ்சம் கயிறு கணக்கில்லாமல் ஓடும். அந்த இடத்தில் ஒரு துணித் துண்டு கட்டியிருக்கும். அது கையை விட்டுப் போன கணத்தில் மணற்கடிகையைக் கவிழ்க்கச் சொல்லிக் குரல் கொடுப்பார். பலகை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கும், கப்பல் விலகிப் போகும், கயிறு விறுவிறுவென்று ஓடும். மணல் தீர்ந்ததும் 'நிறுத்து' என்று சத்தம். கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். அந்த வெட்டில் முளை கழன்றுவிடும், பலகை படுத்துவிடும், இழுப்பது சுலபம். இல்லையென்றால் நெட்டாக நிற்கிற பலகையை ஓடுகிற கப்பலில் இழுத்து ஏற்றுவதற்குள் கை பிய்ந்துவிடும்.

கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருக்கும். எத்தனை முடிச்சு ஓடியதோ அதுதான் வேகம். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். இன்றைக்கு ராமேஸ்வரம் விசைப்படகின் ஜிபிஎஸ் திரையில் வேகத்துக்குப் பக்கத்தில் வருகிற நாட் அந்த முடிச்சேதான். இடைவெளி 47 அடி 3 அங்குலம், மணற்கடிகை 28 வினாடி. ஏன் இந்த விநோத எண்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 47 அடி 3 அங்குலம் என்பது 14.4 மீட்டர். 28 வினாடிக்கு 14.4 மீட்டர் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அதாவது 28 வினாடியில் ஒரு முடிச்சு ஓடினால், மணிக்கு ஒரு கடல் மைல். பெருக்கல் வகுத்தல் எல்லாம் கயிற்றுக்குள்ளேயே முடித்து வைத்துவிட்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாத மாலுமி முடிச்சை எண்ணினால் போதும். கப்பல் வேகமாக ஓடினால் கயிறு போதாது என்று 14 வினாடி மணற்கடிகையை வைத்துக்கொண்டு, வந்த எண்ணை இரட்டிப்பாக்குவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாட் என்பதிலேயே 'மணிக்கு' என்பது அடக்கம். '10 நாட் வேகம்' என்று சொல்லுங்கள், 'மணிக்கு 10 நாட்' என்று ஓரல் பரீட்சையில் சொல்லிவிடாதீர்கள். சில தேர்வாளர்களுக்கு அதைக் கேட்டாலே முகம் மாறிவிடும். தூரத்துக்கு கடல் மைல், வேகத்துக்கு நாட், முடிந்தது. கயிறும் உடம்பும் வைத்து அளப்பது நம் ஆட்களுக்கும் புதிதில்லை. ஆழத்தை இன்றும் பாகத்தில் சொல்கிறோம், இரண்டு கையையும் விரித்த நீளம். ஆங்கிலேயரின் ஃபேதமும் அதே விரித்த கைதான்.

இந்தக் கருவிதான் கப்பலில் முதல் லாக். பலகை போய், பின்னால் இழுத்துச் செல்லும் சுழலி வந்தது, பிறகு மின்காந்த லாக், டாப்ளர் லாக் வந்தன. இப்போது அதில் மரத்தின் துணுக்குகூடக் கிடையாது, பெயர் மட்டும் மரம்.

அடுத்த படி புத்தகம். கட்டையைப் போட்டு எடுத்த எண்ணை எங்காவது குறிக்க வேண்டும். கதவு போல மடக்கக்கூடிய இரண்டு கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் மணிவாரியாக எழுதுவார்கள்: மணி, நாட், திசை, காற்று. நண்பகலில் அதை ஒரு புத்தகத்தில் பெயர்த்து எழுதிவிட்டுப் பலகையைத் துடைத்துவிடுவார்கள். லாக் எண்ணை எழுதுகிற பலகை லாக் போர்டு, அந்தப் புத்தகம் லாக் புக். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லாக் புக் என்ற பெயர் வந்துவிட்டது. அப்புறம் வாய் சோம்பேறித்தனம். புக் கழன்று விழுந்தது, வெறும் லாக் என்றாலே புத்தகம். இந்தப் பொருளில் லாக் ஒரு வெட்டுப்பட்ட சொல். வேகக் கருவி லாக் என்பது முழுச் சொல், புத்தக லாக் என்பது வால் அறுந்த சொல். நீங்கள் குழம்பியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கப்பலில் ஏறியதும் முதல் வாரத்திலேயே டெக் லாக்கைத் திறந்து காட்டுவார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். திசை, லாக் காட்டிய தூரம், காற்றின் திசையும் வலுவும், கடல் நிலை, பாரோமீட்டர், பார்வைத் தெளிவு, கடைசியில் குறிப்பு எழுத அகலமான ஒரு பத்தி, அதன் கீழ் அந்த வாட்சின், அதாவது அந்த முறைக் காவல் பணியின், அதிகாரி கையெழுத்து. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எஞ்சின் அறைக்குத் தனி லாக். இவை தவிர அதிகாரபூர்வ லாக் என்று ஒன்று, கேப்டன் பொறுப்பில். கப்பலில் பிறப்பு இறப்பு, தண்டனை எல்லாம் அதில் ஏறும். விபத்து நடந்தால் நீதிமன்றம் கேட்கிற முதல் காகிதம் லாக்தான்.

பழைய லாக்குகளுக்கு யாரும் எதிர்பாராத ஒரு மறுபயன் வந்தது. ஒவ்வொரு கப்பலும் மணிக்கணக்காகக் காற்றையும் அழுத்தத்தையும் குறித்து வைத்திருக்கிறது அல்லவா? 2010-ல் தொடங்கிய 'ஓல்ட் வெதர்' என்ற திட்டத்தில், முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் கடற்படை லாக் பக்கங்களைப் பொதுமக்களே இணையத்தில் படித்துப் பெயர்த்துக் கொடுத்தார்கள். அன்றைய கடல் வானிலையைத் தெரிந்துகொள்ள அந்தக் கையெழுத்துகள் உதவின. எழுதிய மாலுமிக்கு அது வெறும் வாட்ச் வேலை.

புத்தகம் கரைக்கும் ஏறியது. ராமநாதபுரத்தில் அரசு ஜீப் ஓட்டுகிறவர் யாரையாவது கேளுங்கள். டேஷ்போர்டில் ஒரு லாக் புக் இருக்கும்: புறப்பட்ட கிலோமீட்டர், சேர்ந்த கிலோமீட்டர், டீசல், பயணித்த அதிகாரி கையெழுத்து. விமானிகளும் பறந்த நேரத்தை லாக் புக்கில்தான் ஏற்றுகிறார்கள். கட்டையும் இல்லை, கடலும் இல்லை, ஆனால் நேரம் தவறாமல் வரிசையாகக் குறித்து வைப்பது என்ற பொருள் மட்டும் கூடவே போயிருக்கிறது.

இந்த வழியில்தான் கம்ப்யூட்டரும் வருகிறது. 1960-களில் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுப் பயன்படுத்தினார்கள். யார் எப்போது உள்ளே வந்தார், எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று கணக்கு வேண்டும். வருகிறவர் பெயரைக் குறிப்பேட்டில் ஏற்றுவது லாக் இன், முடித்துக் கணக்கை மூடுவது லாக் அவுட். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் புகுபதிகை, விடுபதிகை என்று வைத்திருக்கிறார்கள். பதிகை என்று போட்டதில் மூலப்பொருள் அப்படியே நிற்கிறது. உள்நுழை என்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று போன முதல் செய்தியே இந்தச் சொல்தான். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்று எழுத்தெழுத்தாக அனுப்பினார்கள். எல் போனது, ஓ போனது, அதற்கு அடுத்த எழுத்தில் அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முதல் செய்தி 'லோ' என்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சரிசெய்து முழுதாக அனுப்பினார்கள்.

தமிழில் எழுதும்போது மட்டும் வருகிற ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'போன் லாக் ஆயிடுச்சு' என்பதிலும் 'லாக் இன்' என்பதிலும் நாம் ஒரே எழுத்தைப் போடுகிறோம். அதனால், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போவதால்தான் லாக் இன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. பூட்டுக்கான சொல் 'சி-கே'-யில் முடியும், இது 'ஜி'-யில் முடியும். இரண்டுக்கும் உறவே கிடையாது.

பிளாக் என்று நாம் சொல்கிற வலைப்பூவும் இதே மரத்துக் கிளைதான். 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தான் இணையத்தில் படித்தவற்றைத் தேதிவாரியாகக் குறித்து வைத்த பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். வலையின் லாக். 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் தன் பக்கத்தின் ஓரத்தில், இனி இதை 'வீ பிளாக்' என்று உச்சரிக்கப் போகிறேன் என்று விளையாட்டாக எழுதினார். 'வெப்' என்பதன் கடைசி பி-யைப் பிய்த்து லாக்கோடு ஒட்டிவிட்டார். விளையாட்டு நிலைத்துவிட்டது. அதே ஆண்டு பிளாக்கர் சேவை வந்தது, 2004-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆங்கிலம் பொதுவாகச் சொல்லின் வாலை வெட்டும், சில சமயம் தலையை வெட்டும். ஆம்னிபஸ்ஸில் தலை போய் பஸ் மிஞ்சியது. ராமநாதபுரத்தை ராம்நாடு என்று ஆக்கியவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஆனால் பிளாக்கில் வெட்டு விழுந்த இடம் விசித்திரமானது, ஒரு சொல்லின் நட்ட நடுவில். அப்புறம் வீடியோவின் வி-யை ஒட்டி விலாக் என்று இன்னொன்று. தனுஷ்கோடி மணலில் செல்ஃபி ஸ்டிக்கோடு நடக்கிற பையன்கள் எடுக்கிறது அதுதான்.

இனி அந்த வேறு வீட்டுப் பிள்ளை. கணக்கு லாக் என்பது லாகரிதம் என்பதன் வால் வெட்டிய வடிவம். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-ல் தன் அட்டவணைகளை வெளியிட்டபோது இந்தச் சொல்லை அவரே உருவாக்கினார். கிரேக்கத்தில் லோகோஸ் என்பதற்குப் பல பொருள். இங்கே விகிதம் என்று கொள்ள வேண்டும். அரித்மோஸ் என்றால் எண். இரண்டையும் ஒட்டினார். இதே லோகோஸ்தான் டயலாக், கேட்டலாக் இவற்றின் வாலிலும் இருக்கிறது, அவற்றிலும் மரம் கிடையாது. லண்டன் கணித ஆசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615-ல் எடின்பரோ போய் நேப்பியரைச் சந்தித்துப் பேசி, பத்தை அடிப்படையாகக் கொண்ட லாக்கை அமைத்தார். லாக் 2 என்றால் 0.3010, லாக் 3 என்றால் 0.4771, இரண்டையும் கூட்டினால் 0.7781, கடைசி இலக்கத்தில் வரும் சிறு வித்தியாசத்தைத் தவிர அதுதான் லாக் 6. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினால் போதும். தமிழில் மடக்கை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆனால் அந்த அட்டவணையை எங்கள் காலத்தில் பையன்கள் எல்லோரும் லாக் புக் என்றுதான் சொன்னோம். இதுவும் லாக் புக்கா என்று கேட்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு லாக்கும் கப்பலில் ஒரே மேசையில் சந்தித்தன. நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்து இடம் கணிப்பதில் கோள முக்கோணக் கணக்குகள் வரும். நீளமான பெருக்கல்கள். லாகரிதம் வந்தவுடன் அதை அள்ளிக்கொண்டவர்களில் மாலுமிகள் முன்வரிசை. 1620-களிலேயே எட்மண்ட் குன்டர் என்பவர் லாக் அளவைகளை ஒரு மரக்கோலில் குறித்துக் கொடுத்தார், கவராயத்தால் அளந்தே கணக்கு முடியும். உங்கள் கையிலும் நோரீஸ் டேபிள் என்கிற கடல் கணக்கு அட்டவணைப் புத்தகம் வந்திருக்கும் அல்லவா? அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக லாக். அதை வைத்துக் கணித்த இடத்தை எழுதுவது லாக்கில். அந்த இடத்தைச் சரிபார்க்க எடுக்கிற தூரம் கருவி லாக்கில். மேசையில் மூன்றும் இருக்கும், முதலாவது மட்டும் கிரேக்கம்.

ஜிபிஎஸ் இருக்கும்போது லாக் எதற்கு என்று கடைசியாகக் கேட்டீர்கள். பாம்பன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீரோட்டம், நம் ஆட்கள் நீவாடு என்பார்களே, அது பருவத்துக்குப் பருவம் திசை மாறும். உங்கள் படகு 8 நாட் ஓட்டத்தில் போகிறது, எதிரே 2 நாட் நீவாடு என்று வைத்துக்கொள்வோம். லாக் 8 காட்டும், ஜிபிஎஸ் 6 காட்டும். இரண்டுமே சரி. லாக் சொல்வது தண்ணீரைப் பொறுத்த வேகம், அந்தக் காலத்துப் பலகையும் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். இரண்டின் வித்தியாசத்திலிருந்துதான் நீரோட்டத்தின் வலுவே தெரிகிறது. சுக்கான் தண்ணீரில்தான் வேலை செய்கிறது, அதனால் கப்பல் எப்படித் திரும்பும் என்பதற்கும் லாக் காட்டும் வேகம்தான் கணக்கு. எதிர்க்கப்பலோடு மோதல் வாய்ப்பை ராடாரில் கணிக்கும்போதும் தண்ணீர் வேகத்தையே கொடுக்கச் சொல்வார்கள். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி 300 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் தண்ணீரைப் பொறுத்த வேகம் காட்டும் கருவி கட்டாயம். 50,000 டன்னைத் தாண்டினால் தரையைப் பொறுத்த வேகம் காட்டுவதும் கூடவே வேண்டும். ஓரலில் லாக் என்றால் என்ன என்று கேட்டால், எந்த வேகம் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள் தம்பி. அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.